இந்த வாரம் மாஷிமா எதை மறந்தார்?

ஞாயிற்றுக் கடுதாசியை அனுப்பிவிட்டால் ஷியாமளாவுக்கு அன்றைக்கு மத்தியானம் வரை ஒரு வேலையும் ஓடாது. ஓடாதே தவிர, ஓடுகிற மாதிரி காட்டிக்கொள்ள வேண்டும். ஹாலில் கணவர் பட்டாபி உட்கார்ந்திருக்கிறார். அதனால் வாழைக்காயையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு சமையல் மேடை முன்னால் நின்றாள். கைப்பேசியை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருந்தாள். ஒரு வாழைக்காயைத் தோல் சீவுவதற்குள் அதை அத்தனை தரம் தொட்டுப் பார்த்ததில் திரையெல்லாம் பிசுபிசுவென்று கறை.

முதல் பதில் வழக்கம்போலப் புனே ரங்கராஜனுடையது. அந்த மனிதருக்குக் கடுதாசியைப் படிப்பதைவிட முதல் ஆளாகப் பதில் போடுவதில்தான் அக்கறையோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. ‘மிக அருமை. மாஷிமா அரிசி டப்பாவுக்குள் சாவியைக் கண்டெடுக்கும் இடத்தில் கண்கள் பனித்துவிட்டன.’ அடுத்தது ஈரோடு பூங்கோதை, பள்ளிக்கூட டீச்சர். ‘அம்மா, எங்க பெரியம்மாவும் கடைசில இப்படித்தான் ஆனாங்க. மாஷிமாவ நல்லாப் பாத்துக்குங்க. அடுத்த ஞாயிறு வரைக்கும் எப்படிப் பொறுத்திருக்கறது?’ ஷியாமளா அதை இரண்டு தரம் படித்தாள். பதில்கள் கடுதாசிக்கு அடியிலேயே, ஒன்றின் கீழ் ஒன்றாக, எல்லோரும் பார்க்கும்படி வரும். மூன்றாவதாக வந்தது புதுப் பெயர். பெயர்கூட இல்லை, ஒரு எழுத்தும் சில எண்களும். ‘வணக்கம். உங்கள் கடிதங்கள் எங்களுக்கு மிகவும் பயனுள்ளதாக இருக்கின்றன. மூத்த பெண்மணியின் மறதி குறித்து மேலும் விவரங்களை வழங்கவும். தேதியுடன் இருந்தால் நன்று.’

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பட்டாபியிடம் படித்துக் காட்டினாள். பட்டாபி துறைமுக அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தையும் மேலும் கீழும் பார்க்காமல் நம்ப மாட்டார்.

“பயனுள்ளதாவா?” என்றார் கண்ணாடியை இறக்கி. “நன்னாயிருக்கும்பா, அழுதேம்பா. பயனுள்ளதா இருக்குன்னு பஞ்சாங்கத்தத்தானே சொல்லுவா?”

“அமெரிக்காவுல பொறந்த பிள்ளை யாராவது இருக்கும்னா. மெஷின்ல போட்டு எழுதியிருக்கு பாவம்.”

“இருக்கட்டும். அதுக்குத் தேதி எதுக்கு?”

அவள் கைப்பேசியோடு சமையலறைக்குத் திரும்பினாள். எதிர் ஜன்னலில் மாஷிமா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் ஒரு தண்டை உயர்த்திக் காட்டி, இந்த விலைக்கு இதையா கொடுத்தான் பார் என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினாள். ஷியாமளாவும் பதிலுக்கு உதட்டைப் பிதுக்கினாள்.

மாடியில் எதிரெதிரே இருக்கும் இரண்டு சமையலறைகளுக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற அகலத்துக்கு ஒரு சந்து, அவ்வளவுதான். கல்கத்தா பாலிகஞ்சின் இந்தத் தெருவில் பழைய வீடென்று மிஞ்சியிருப்பது மாஷிமாவுடையது மட்டும். பச்சை அடித்த மரச் சட்ட ஜன்னல்கள், வாசலில் இழுத்துப் பூட்டுகிற கம்பிக் கதவு, மாடிச் சுவரில் முளைத்த ஒரு அரசங்கன்று. ஷியாமளாவும் பட்டாபியும் இருக்கிற அடுக்ககம்கூட இப்படி ஒரு வீட்டை இடித்துவிட்டுக் கட்டியதுதான். மாஷிமாவுக்கு அந்தப் பக்கத்து வீடும் போன குளிர்காலத்தில் போய்விட்டது. இப்போது அங்கே ஒரு பெரிய குழி. மழைத் தண்ணீர் நின்று, அதை இறைக்க ஒரு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் பழகிப்போய் யார் காதிலும் விழுவதில்லை. நிற்கும்போதுதான் விழும்.

மாஷிமா என்றால் பெங்காலியில் சித்தி; தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள். கணவர் போய்ப் பல வருஷமாயிற்று, குழந்தைகள் இல்லை. எண்பதைத் தாண்டியும் பேப்பரில் வருகிற குறுக்கெழுத்தைப் பேனாவால் நிரப்புவாள், பென்சில் எடுக்க மாட்டாள். மீன்காரன் போன மாசம் சொன்ன விலையை இந்த மாசம் அவன் முகத்துக்கு நேரே சொல்லுவாள். பழைய வங்காளி வீட்டுப் பெண்களைப் போலப் புடவைத் தலைப்பின் முனையில் சாவிக்கொத்தை முடிந்து தோளுக்குப் பின்னால் வீசிப் போட்டிருப்பாள். ‘ஜலங்’ என்று முதுகில் அது விழுகிற சத்தத்தை வைத்தே அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று ஷியாமளாவால் சொல்லிவிட முடியும். மாஷிமா எதையும் மறப்பவள் இல்லை.

மறந்தது ஷியாமளா.

இணையத்தில் வாராவாரம் இப்படிக் கடுதாசி எழுதச் சொன்னது மகள் ரஞ்சனாதான். பெங்களூரில் இருந்துகொண்டு, “ஃபோன்ல என்கிட்ட சொல்றதையெல்லாம் எழுதேன்மா, நான் செட் பண்ணித் தரேன்” என்றாள். ஷியாமளாவும் எழுதினாள். பூஜைப் பந்தல், லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் கிடைக்கிற கிழமை, அப்பா காலத்தில் ஹௌரா ஸ்டேஷனில் வந்து இறங்கிய கதை. இரண்டு பேர் கும்பிடுகிற கை போட்டார்கள். பிறகு ஒரு வாரம், மாஷிமா மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடியதை விளையாட்டாக எழுதினாள். ஊர் உலகத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் பதில்கள் கொட்டின. நியூ ஜெர்ஸி அனந்தலக்ஷ்மி, ‘இந்த வாரம் மாஷிமா எதை மறந்தார்?’ என்று கேட்டாள். அடுத்த வாரமும் கேட்டாள். கேட்பது மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. எழுதியதை ஒருவர் திரும்பக் கேட்பது எவ்வளவு பெரிய போதை என்பது ஷியாமளாவுக்கு அந்த வயதில் தெரிய வந்தது.

அந்த வாரம்தான் பால் கருகியது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவள் நின்றிருந்தாள், அதன் முன்னாலேயே. எதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. எதிர் ஜன்னலில் இருந்து மாஷிமா, தான் வழக்கமாகக் கூப்பிடுகிற பெங்காலிப் பெயரில், “ஷ்யாமொலி! பால்!” என்று கத்தின பிறகுதான் புகை கண்ணில் பட்டது. பாத்திரம் அடியோடு கரி. கையில் அந்த வாடை நாள் கணக்கில் போகவில்லை. அன்று சாயங்காலம் அவள் அதை அப்படியே எழுதினாள், ஜன்னலை மட்டும் மாற்றி. பால் அங்கே கருகியது, கத்தியது இங்கிருந்து. எழுதி முடித்தபோது உடம்பே லேசாகிவிட்டது. ஏன் என்று அவள் யோசிக்கவில்லை, யோசிக்கவும் பயம். அவள் அம்மா கடைசி வருஷங்களில் அவளையே ‘நீ யாராத்துப் பொண்ணும்மா?’ என்று கேட்டவள். அந்தக் கேள்விக்குத் தினமும் பதில் சொன்னவள் ஷியாமளா. தனக்கு வருகிறதை எதிர் வீட்டுக்கு அனுப்பிவைத்த மாதிரி ஒரு நிம்மதி அது, வேறொன்றுமில்லை.

அதற்கப்புறம் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சாவியை அரிசி டப்பாவில் கண்டெடுத்தது, வராத விருந்தாளிக்குத் தட்டு வைத்தது, கரியாஹாட் முக்கில் பலூன்காரன் பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்றுகொண்டு வீட்டுக்கு இடது பக்கம் போகவேண்டுமா வலது பக்கமா என்று தெரியாமல் திகைத்தது. எல்லாம் அவளுடையவை, எல்லாம் மாஷிமாவின் பெயரில். கரியாஹாட் கடுதாசிக்கு வந்த மாதிரி பதில்கள் எதற்குமே வந்ததில்லை. ரஞ்சனா அதை இங்கிலீஷில் மாற்றி, எங்கள் பக்கத்து வீட்டு மாஷிமாவைப் பற்றி அம்மா எழுதுகிறாள், படியுங்கள் என்று தன் ஜாதவ்பூர் காலேஜ் சிநேகிதர்களுக்கெல்லாம் பகிர்ந்திருந்தாள். ஷியாமளாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

இதில் பயப்பட எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கென்று ஒரு தைரியம் உண்டு. லிஃப்டில், மினி பஸ்ஸில், மிட்டாய்க் கடையில், எதிரே நிற்பவரைப் பற்றி அவர் முகத்தைப் பார்த்தபடியே தமிழில் என்ன வேண்டுமானாலும் பேசலாம். பேசி, கடைசியில் அவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்யலாம். ஷியாமளாவுக்கு அவள் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம் அது. அதனால் தெருவை மாற்றவில்லை, மாஷிமாவை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, பச்சை ஜன்னலைக்கூட நீலமாக்கவில்லை.

*

தீபாயன் வந்தது ஒரு மழை நாளில், மத்தியானத் தூக்கம் கலைகிற நேரத்தில். கையில் ஒரு சந்தேஷ் மிட்டாய் டப்பா, கக்கத்தில் ஃபைல். மாஷிமாவின் கொழுந்தனார் பிள்ளை; பெரியம்மா என்ற முறையில் அவளை ‘ஜேத்திமா’ என்று கூப்பிடுகிறவன். விஜயதசமி கழிந்து பெரியவர்களை நமஸ்கரிக்க வருகிற வழக்கத்துக்கு அவன் மாஷிமா வீட்டுக்கு வந்துபோவதை ஷியாமளா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள், பேசினதில்லை. செருப்பை வாசலிலேயே விட்டான். பட்டாபியின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பெங்காலியும் இங்கிலீஷும் கலந்து, யாரையும் நோகடிக்காத குரலில் பேசினான்.

“ஆன்ட்டி, முதல்ல ஒரு ஸாரி. உங்க பேஜ்ல தமிழ்ல எழுதிக் கேட்டது நான்தான். ஃபோன்ல போட்டு மாத்தினேன். தப்பும் தவறுமா இருந்திருக்கும். ரஞ்சனா ஷேர் பண்ணது ஒரு ஃப்ரெண்ட் மூலமா எனக்கு வந்தது.”

பட்டாபி ஷியாமளாவைப் பார்த்தார். அவள் சந்தேஷ் டப்பாவின் ரப்பர் பேண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் ஃபைலைத் திறந்தான். எல்லாக் கடுதாசிகளும் இருந்தன, பெங்காலியில், அச்சடித்து, ஒவ்வொன்றின் தலையிலும் அந்தந்த ஞாயிற்றுக்கிழமையோடு. “குடும்பம் செய்யவேண்டியத நீங்க செஞ்சிருக்கீங்க ஆன்ட்டி. நான் நியூ டவுன்ல இருக்கேன், எனக்கு என்ன தெரியுது? ஃபோன் பண்ணா ஜேத்திமா நல்லா இருக்கேன்னு சொல்றாங்க. பால் கருகறதும் வழி மறக்கறதும் யாருக்குத் தெரியும்?” அந்த வீட்டை இடித்துக் கட்டப்போகிற ஆள் நல்ல விலை சொல்கிறானாம், புதுக் கட்டடத்தில் ஒரு ஃப்ளாட்டும் தருகிறானாம், ஜேத்திமா கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறாளாம். அதற்காக இல்லை என்று இரண்டு தரம் சொன்னான். கேஸ் அடுப்பைத்தான் நினைத்துத் தூக்கம் வரவில்லையாம். ஒரு டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டால், கோர்ட்டில் தான் பொறுப்பு எடுத்துக்கொண்டு அவளை நல்ல இடத்தில் வைத்துவிடலாம். ஹௌராவைத் தாண்டி சாந்த்ராகாச்சி பக்கத்தில் ஒரு முதியோர் ஹோம் இருக்கிறது. “ஜன்னல்லேர்ந்து ரயில் யார்டு தெரியும். பொழுது போகும்.”

“இதோ பாருப்பா,” என்றாள் ஷியாமளா. “அதெல்லாம் நான் சும்மா எழுதினது. கற்பனை. மாஷிமா அப்படியெல்லாம் பண்ணவே இல்ல.”

தீபாயன் கோபிக்கவில்லை. ஒரு பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தான். “கருகின வாடை கையில இருந்தது, சோத்தப் பிசையும்போதெல்லாம் வந்ததுன்னு எழுதியிருக்கீங்க. இத யாரால கற்பனை பண்ண முடியும் ஆன்ட்டி?”

எழுத ஆரம்பித்ததிலிருந்து இப்படி ஒரு பாராட்டை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. உள்ளுக்குள் ஏதோ ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது, அந்த நேரத்திலும். அதற்காக அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவன் இன்னும் புரட்டினான். கடுதாசிகளுக்குப் பின்னால் பதில்களையும் கோத்திருந்தான். ரங்கராஜன், பூங்கோதை, அனந்தலக்ஷ்மி, பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ பேர், எல்லோரும் பெங்காலி எழுத்தில். “எங்கெங்கேயோ இருக்கறவங்க ஜேத்திமாவுக்காகக் கவலைப்படறாங்க பாருங்க. டாக்டர் இதையும் படிச்சார். டாக்டர் வர்ற அன்னிக்கி உங்கள ஏதாவது கேட்டா, எழுதினதையே சொல்லுங்க. அது போதும்.” மறுபடி பட்டாபியின் காலைத் தொட்டுவிட்டு அவன் போனான்.

அவன் குடை கீழே சந்து முனை திரும்புகிற வரை பட்டாபி ஜன்னலில் நின்றார். பிறகு சந்தேஷ் டப்பாவை எடுத்து, திறக்காமல், ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார்.

“கற்பனைன்னு சொன்னியே,” என்றார்.

“ஆமா.”

“பால் எங்க கருகித்துன்னு நேக்குத் தெரியும் ஷியாமளா. அந்தப் பாத்திரத்தத் தேச்சவன் நான்.”

இத்தனை நாளும் தெரிந்துகொண்டுதான் இந்த மனுஷர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், ‘ஆசிரியர் இந்த வாரம் என்ன எழுதியிருக்கார்?’ என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தாரா? ஷியாமளா நாற்காலியில் உட்கார்ந்தாள். “அப்போ எழுதிடறேன்னா. அத்தனையும் நான்தான்னு இன்னிக்கே எழுதிடறேன். அந்த அம்மாவ வீட்ட விட்டுக் கெளப்பிடுவான் அவன்.”

“எழுது. எழுதினா அந்த டாக்டர் அங்க வரதுக்குப் பதிலா இங்க வருவார். ரஞ்சனா அடுத்த ஃப்ளைட்ல வந்து நிப்பா. ஒன்ன உக்காத்தி வெச்சு, இன்னிக்கி என்ன கெழமைன்னு கேப்பா. நான் பக்கத்துல நின்னுண்டு பாத்துண்டிருக்கணும்.” குரல் உடைந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் குரல் அப்படி உடைந்து அவள் கேட்டதில்லை. “கற்பனைன்னு மட்டும் எழுது. அதுவும் நெஜந்தானே. போறும்.”

வெளியே மழை விட்டிருந்தது. பக்கத்துக் குழியில் மோட்டார் ஓடுகிற சத்தம் அன்றைக்குக் காதில் விழுந்தது.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சுருக்கமாக எழுதினாள். மாஷிமாவுக்கு மறதி கிடையாது, இதுவரை எழுதியதெல்லாம் என் கற்பனை, படித்தவர்கள் மன்னிக்க வேண்டும். அலங்காரம் எதுவும் வைக்கவில்லை. அனுப்பிவிட்டுக் கைப்பேசியை ஹாலிலேயே போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பதில்கள் வருகிற சத்தம் நிற்கவே இல்லை. பட்டாபியே எடுத்துக்கொண்டு வந்து கையில் கொடுத்தார்.

ரங்கராஜன்: ‘தங்கள் பெருந்தன்மைக்குத் தலை வணங்குகிறேன். அந்த மூதாட்டியின் மானத்தைக் காக்கத் தங்கள்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டீர்கள்.’ பூங்கோதை: ‘மாஷிமாவுக்கு விஷயம் தெரிஞ்சு போச்சாம்மா? அவங்க மனசு நோகக்கூடாதுன்னுதானே இப்படி எழுதுனீங்க? எங்களுக்குப் புரியுது. நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்.’ அனந்தலக்ஷ்மி: ‘கற்பனைன்னு சொல்றதுகூட எவ்வளவு அழகு! சரி, இந்த வாரம் மாஷிமா எதை மறந்தார்?’ அதற்குக் கீழே இன்னும் இன்னும். அழுகிற முகங்கள், கும்பிடுகிற கைகள். இத்தனை நாள் எழுதியதில் எதற்கும் இவ்வளவு பதில் வந்ததில்லை. அவள் சொன்னதை நம்பியவர் ஒருவர்கூட இல்லை. கடைசியில் அந்த எழுத்தும் எண்களும்: ‘அக்கறையுள்ள அண்டை வீட்டாரின் பாதுகாக்கும் உணர்வை மதிக்கிறோம். இதுவும் இணைக்கப்படும்.’

அவர்கள்மேல் அவளுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. எவ்வளவு நல்லவர்கள் எல்லோரும்! ஒருத்தராவது கெட்டவராக, பொய் எழுதினாயா என்று திட்டியிருக்கக்கூடாதா?

டாக்டர் வந்துபோன மறுநாள் அவள் மாஷிமா வீட்டுக்குப் போனாள். சந்து முனையில் இரண்டு பேர் டேப்பைப் பிடித்துக்கொண்டு அளந்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்கள், டேப்பைச் சுருட்டவில்லை. அவள் அதைத் தாண்டிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. கம்பிக் கதவு திறந்து கிடந்தது. மாஷிமா சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். குறுக்கெழுத்து மேஜைமேல் காலியாகக் கிடந்தது. அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பெங்காலியில், கரும்பலகையில் எழுதிப் பழகிய பெரிய எழுத்தில்: கேஸை மூடு.

“உக்காரு ஷ்யாமொலி. டாக்டர் நல்ல மனுஷன்தான். எங்க காலேஜ்ல அவர் அக்கா படிச்சாளாம்.” மாஷிமா தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். “பால் கருகினது எப்போன்னு கேட்டார். ஞாபகம் இல்லேன்னேன். வழி தெரியாம நின்னது? அதுவும் ஞாபகம் இல்லேன்னேன். அவர் எழுதிக்கிட்டார்.”

“ஞாபகம் இல்லேன்னு ஏன் சொன்னீங்க மாஷிமா? நடக்கவே இல்லேன்னு சொல்லியிருக்கணும்!”

“அது எப்படிச் சொல்றது? மறந்ததுதான் வியாதின்னா, மறந்துட்டேங்கறது எனக்கு எப்படித் தெரியும்?” சரித்திர வகுப்பில் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள். “நீ அத்தன எழுதியிருக்கே. நீ ஏன் பொய் எழுதப் போறே?”

ஷியாமளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டாபியின் முகம் நினைவுக்கு வந்தது. அதைத் தள்ளிவிட்டுச் சொன்னாள். “மாஷிமா, அது என் வீட்டுப் பால். நீங்கதான் இந்த ஜன்னல்லேர்ந்து கத்தினீங்க. கரியாஹாட்ல நின்னது நான். சாவிய அரிசியில போட்டது நான். எல்லாமே நான்.”

மாஷிமா அவளைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் பழைய கூர்மை வந்தது, மீன்காரனைப் பார்க்கிற பார்வை வந்தது. பிறகு அது தணிந்துவிட்டது. மாஷிமா அவள் கன்னத்தைத் தட்டினாள். “தீபு சொன்னான், நீ இப்படித்தான் சொல்லுவேன்னு. எனக்குன்னு இந்த ஊர்ல நீதான் இருக்கே. அவன் எல்லாத்தையும் படிச்சுக் காட்டினான். என்னப் பத்தி இதுவரைக்கும் யாரும் ஒரு வரி எழுதினதில்ல. கரியாஹாட் முக்குல நான் நிக்கறத எழுதியிருக்கே பாரு, எனக்கு அழுகை வந்துடுச்சு. இப்ப யோசிச்சா ஞாபகம் வருது. பலூன்காரன் நின்னான் இல்லையா? கை கனத்துது. எந்தப் பக்கம்னே தெரியல.”

அந்தப் பை ஷியாமளாவின் கையில் கனத்த பை.

மாஷிமா தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள். பல வருஷம் இறுகிய முடிச்சு, பல்லை வைத்து இழுக்க வேண்டியிருந்தது. சாவிக்கொத்தை ஷியாமளாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். “இதுல பெரிய சாவி ஸ்டீல் அலமாரியோடது. வீட்டுப் பத்திரம் அதுலதான் இருக்கு. தீபு வந்து கேப்பான். எங்க வெச்சேன்னு மறந்துபோச்சுன்னு சொல்லிடுவேன், அத மட்டும் உடனே நம்புவான்.” இத்தனைக்கு நடுவிலும் அவள் உதட்டோரத்தில் ஒரு குறும்பு வந்து போனது. “என் பழைய மாணவி ஒருத்தி வக்கீலா இருக்கா. வெளியூர் போயிருக்கா, சனிக்கிழமை வந்துடுவா. பத்திரத்த அவ கையில குடுத்துட்டா அப்புறம் எவனும் ஒண்ணும் பண்ண முடியாது. அதுவரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும். என்கிட்ட இருந்தா எங்கேயாவது போட்டுடுவேன்.”

வேண்டாம் என்று சொல்ல நினைத்த ஷியாமளா, அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். மாஷிமா எழுந்தாள். பழக்கதோஷத்தில் தலைப்பைத் தோளுக்குப் பின்னால் வீசிப் போட்டாள். சத்தம் எதுவும் வரவில்லை.

*

சனிக்கிழமை காலையில் பட்டாபி காய்கறி வாங்கப் போயிருந்தார். ஷியாமளா காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்தாள். தெருவில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எதிர் ஜன்னலில் மாஷிமா வந்து நின்றாள். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, படிய வாரிய தலை, காலேஜுக்குப் போகிற காலத்தில் இருந்த மாதிரி.

“ஷ்யாமொலி, வக்கீல் வந்தாச்சு. தீபுவும் கெளம்பிட்டானாம், இப்பத்தான் ஃபோன் பண்ணான். அவன் வர்றதுக்குள்ள பத்திரத்த எடுத்துக் குடுத்துடணும். சாவிய ஒரு சின்னப் பையில போட்டு இப்படி நீட்டு, நான் வாங்கிக்கறேன்.”

“இதோ மாஷிமா.”

அவள் நேரே பீரோவுக்குப் போனாள். புடவைகளுக்கு அடியில் இல்லை. பூஜை அலமாரியில், விளக்குத் திரி டப்பாவுக்குப் பின்னால் இல்லை. மெத்தைக்கடியில் இல்லை. பட்டாபிக்குக்கூடச் சொல்லாமல், மிகவும் யோசித்து, ஒருவர் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துப் பத்திரமாக வைத்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வைத்துவிட்டு, இனிக் கவலையில்லை என்று பெருமூச்சு விட்டதுகூட ஞாபகம் இருந்தது. இடம் மட்டும்தான் இல்லை. சமையலறைக்கு ஓடிவந்தாள். துவரம் பருப்பு டப்பா, உளுந்து டப்பா, காப்பிப் பொடி டப்பா. கீழே இன்னொரு கார் வந்து நின்றது. அரிசி டப்பாவை இழுத்துத் தரையில் வைத்து, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். குளிர்ந்த அரிசி விரலிடுக்குகளில் வழிந்து வழிந்து போனது. அடி வரை போன கைக்குத் தகரம்தான் தட்டுப்பட்டது.

“ஷ்யாமொலி! பால்!”

அவள் நிமிர்ந்தாள். அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, தீயில் விழுந்து கருகிக்கொண்டிருந்தது. புகைக்கு அந்தப் பக்கம், பச்சைச் சட்ட ஜன்னலில் மாஷிமா நீட்டிய கையோடு நின்றாள். அவள் பார்வை அடுப்பில் இருந்து அரிசி டப்பாவுக்குப் போனது. அங்கேயிருந்து, ஷியாமளாவின் முழங்கையில் ஒட்டியிருந்த அரிசிக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

மாஷிமா வீட்டு வாசல் மணி அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையையும் இன்னும் மடக்கவில்லை.